மறைத்த நோயும் கிடந்த கட்டிலும்

சத்திரசிகிச்சை முடிந்து ஆறு மணித்தியாலங்கள் கழிந்திருந்தன. முதுகில் ஏற்றிய ஊசியின் விறைப்பு என் கால்களை விட்டு மெல்ல நீங்கத் தொடங்கிய வேளையில், தாதி ஒருவர் கட்டிலருகே வந்து நின்றார். பக்கவாட்டாகத் திரும்பி, முழங்கையை ஊன்றி, கால்களைக் கீழே தொங்கவிட்டு எழும்புமாறு சொல்லித் தந்தார். பின்னர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மலசலகூடம் வரை நடத்திச் சென்று திருப்பி அழைத்து வந்தார். பதினைந்து அடி தூரம் இருக்கும். காலையில் வயிற்றின் அடிப்பகுதியைக் கீறி, வலை வைத்துத் தைத்த ஒரு மனிதனை மாலையில் நடக்க வைப்பது எனக்குக் கொடுமையாகவே பட்டது. மறுநாட் காலை, ஒரு பை நிறையக் குளிசைகளோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்தது குடலிறக்கம். ஹேர்ணியா என்றால் எல்லோருக்கும் விளங்கும். வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் கழிந்த அந்த முதற் கிழமையைப் பற்றியும், அந்த நாட்களில் படுக்கையில் இருந்தபடி நான் வாசித்தும் நினைவுகூர்ந்தும் சேர்த்த ஒரு வரலாற்றைப் பற்றியும் இங்கே எழுத நினைக்கிறேன். இது பலர் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய். அதனாலேயே எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் நாளே ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் பேசினார். “தம்பி, ஆறு கிழமைக்குக் கட்டிலை விட்டு இறங்கிப்போடாதை. கத்தரிக்காய், இறால் ஒண்டும் வாயிலை வைக்காதை, கிரந்தி. தையல் பிரிஞ்சால் பிறகு ஒருத்தராலும் ஒண்டும் செய்யேலாது” என்றார். மனைவியோ, வைத்தியர் எழுதித் தந்த தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, விழித்திருக்கும் வேளைகளில் மணிக்கொரு தடவை என்னை எழுப்பி நடத்தினார். எண்பத்து நான்கு வயதான என் தாயார் இரு தரப்பிலும் சேராமல், வாசலோரக் கதிரையில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தின் காரணம் எனக்குத் தெரியும். அதைக் கடைசியிற் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாட்கள் இருமலுக்கும் தும்மலுக்கும் அஞ்சியே கழிந்தன. சிறு தலையணை ஒன்றைக் காயத்தின் மேல் இறுக அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். சிரிப்பும் எதிரிதான், நலம் விசாரிக்க வந்த பத்திரிகை நண்பர் ஒருவரைப் பகிடி சொல்லாதீர் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நோவுக்குத் தந்த குளிசை மலத்தை இறுக்கிவிட, முக்கக் கூடாது என்ற கட்டளையும் சேர்ந்துகொள்ள, மூன்று நாட்கள் பப்பாசிப்பழமும் கீரையும் நிறையத் தண்ணீருமாகக் கழிந்தன. மூன்றாம் நாள் குளிக்கும்போது குனிந்து பார்த்தவன் திடுக்கிட்டுப் போனேன். காயத்தைச் சுற்றியும் அதன் கீழும் நாவற்பழ நிறத்திற் கன்றி வீங்கியிருந்தது. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தபோது, கசிந்த குருதி கீழ்நோக்கி இறங்கியிருக்கிறது, இரண்டு கிழமையில் மறையும், காய்ச்சலோ சீழோ இருந்தால் மட்டும் வாருங்கள் என்று அமைதியாகச் சொன்னார். முன்கூட்டியே அறியாதிருந்தால் அந்த நிறம் யாரையும் கலங்க வைக்கும்.

நான்காம் நாள் முதல் நோவு தணிந்தது. வாசிக்க முடிந்தது. பெரியம்மா சரியா, தாதி சரியா என்ற கேள்வியிலேதான் வாசிப்புத் தொடங்கிற்று.

இந்நோய் மனிதன் நிமிர்ந்து நடந்த காலந்தொட்டு அவனோடு இருக்கிறது. ஆண் சிசுவின் விதைகள் பிறப்பதற்கு முன்னர் வயிற்றிலிருந்து கீழிறங்கும் வழி, அரைப் பகுதியில் ஒரு பலவீனமான இடத்தை விட்டுச் செல்கிறது. ஆயுள் முழுவதும் நின்றும் தூக்கியும் இருமியும் கழியும் அழுத்தம் அவ்விடத்திலேயே வந்து முட்டுகிறது. ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. உலகெங்கும் ஆண்டொன்றுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அரைக் குடலிறக்கச் சத்திரசிகிச்சைகள் நடைபெறுவதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. இவ்வளவு பொதுவான ஒரு நோய் இவ்வளவு இரகசியமாக இருப்பதற்கு, அது வரும் இடமே காரணம்.

இரகசியத்தின் விலையை அறிய அரண்மனைக்கே போகலாம். இங்கிலாந்தின் இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் மனைவி கரோலைன் அரசிக்கு, 1724இல் கடைசிப் பிள்ளை பிறந்ததன் பின்னர் தொப்புளருகே குடலிறக்கம் உண்டாயிற்று. கணவரைத் தவிர ஏறத்தாழ எவரும் அறியாதவாறு அதை அவர் ஆண்டுக்கணக்கில் மறைத்து வந்தார். 1737 நவம்பரில் குடல் சிக்கிக்கொண்டு கடும் வலி வந்தபோதும் முதலில் வைத்தியர்களுக்குச் சொல்லவில்லை. மன்னரே வைத்தியருக்குத் தெரிவித்த வேளையில் காலம் கடந்துவிட்டது. மயக்கமருந்தில்லாமல் கத்தி வைத்தும் பயனின்றி நவம்பர் 20ஆம் திகதி அரசி மாண்டார். இதில் வேதனையான ஒன்று உண்டு. இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 1735 டிசம்பரில், அதே லண்டன் நகரில், அதே மன்னரின் சத்திரவைத்தியரான குளோடியஸ் அமியண்ட் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தைத் திறந்து, உள்ளே ஊசி குத்தித் துளைபட்டிருந்த குடல்வாலை அகற்றி அவனைப் பிழைக்க வைத்திருந்தார். வைத்திய வரலாறு பதிவுசெய்த முதலாவது வெற்றிகரமான குடல்வால் அகற்றல் அதுதான். சிறுவன் காட்டினான், அரசி மறைத்தார்.

உரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய வரலாற்றாசிரியர் எட்வேர்ட் கிப்பனின் கதையும் இதுவே. 1761 அளவில் தமது விதைப்பையில் தோன்றிய வீக்கத்தை அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனியாமல் விட்டிருந்தார். அக்காலத்து இறுக்கமான காற்சட்டையில் அது ஊரறிந்த இரகசியமாகவே இருந்தது. 1793 நவம்பரில்தான் நெருங்கிய நண்பருக்குக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். நீரை வடித்தெடுக்கும் சிகிச்சைகளைத் தொடர்ந்து கிருமி தொற்றி, 1794 ஜனவரி 16இல் இறந்துபோனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் வரலாற்றைத் துருவியெழுதிய மனிதருக்குத் தம் உடலைப் பற்றி ஒரு வரி எழுத முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. இதை வாசித்தபோது எனக்கு உறைத்தது. முப்பது ஆண்டுகளாகப் பிறர் மறைத்தவற்றை எழுதிப் பிழைத்த நானும், என் அரையிற் தோன்றிய சிறு வீக்கத்தை மூன்று ஆண்டுகள் மனைவிக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மறைத்தவர்களை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. சொன்னால் கிடைத்த சிகிச்சை அப்படியிருந்தது. ஊரூராகத் திரிந்த குடலிறக்கம் வெட்டுவோர் என்றொரு கூட்டம் ஐரோப்பாவில் இருந்தது. அவர்களின் கத்தியில் வீக்கத்தோடு விதையும் போயிற்று. பதினாறாம் நூற்றாண்டிற் பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் அம்புறோவாஸ் பரே இந்த வழக்கத்தைக் கண்டித்தார். கச்சைப்பட்டி கட்டி அழுத்தி வைத்திருப்பதே பெரும்பாலோருக்குக் கிடைத்த ஆறுதல். 1846இல் ஈதர் மயக்கமருந்து வந்தது. 1860களில் லிஸ்ரர் கிருமிக்கொல்லியைக் கொண்டுவந்தார். அதன்பின்னரும் வெட்டித் தைத்த குடலிறக்கங்கள் சில ஆண்டுகளில் மீண்டும் தலைகாட்டின.

இந்த நிலையை மாற்றியவர் எட்வார்டோ பசினி என்ற இத்தாலியர். இளம் மருத்துவராயிருந்த அவர் இத்தாலிய ஒற்றுமைக்கான போரில் தொண்டராகச் சேர்ந்து, 1867 ஒக்டோபரில் உரோமுக்கு அருகே வில்லா குளோரியில் நடந்த மோதலில் அரையிலேயே துப்பாக்கிச் சனியனாற் குத்துப்பட்டார். குடலிலிருந்து கசியும் காயத்தோடு மாதக்கணக்கிற் கிடந்து தேறினார். அதே அரைப்பகுதிதான் பின்னர் அவருடைய வாழ்நாள் ஆய்வாயிற்று. வெளித்துவாரத்தை அடைத்தால் போதாது, உள்ளே சரிந்துபோன பின்சுவரையே மீளக் கட்ட வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. 1884இல் தொடங்கி, 1889இல் பாதுவா நகரிலிருந்து அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் சத்திரவைத்தியர்களின் வழிகாட்டியாயிற்று. அவர் முன்வைத்தவை இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள். நோய் திரும்பியவை மிகச் சில.

அதே காலத்தில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்ரெட் ஏறத்தாழ அதே முறையைத் தனித்துக் கண்டார். கைகளை அரித்த கிருமிக்கொல்லியால் அவதிப்பட்ட தலைமைத் தாதிக்காக அவர் மெல்லிய இறப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார்; பின்னர் அந்தத் தாதியையே மணந்தும் கொண்டார். கையுறை தாதியின் கையைக் காப்பதற்கென வந்ததே தவிர நோயாளியைக் காப்பதற்கென வரவில்லை. அவருடைய மாணவர் புளட்குட் குடலிறக்கச் சத்திரசிகிச்சைகளில் எல்லோரும் கையுறை அணிய வேண்டும் என்று ஒழுங்குபடுத்தி, 1899இல் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளின் கணக்கை வெளியிட்டார். 17 வீதமாயிருந்த காயத்தொற்று 2 வீதத்துக்குக் குறைந்திருந்தது. இன்று உலகின் எந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் மாட்டப்படும் கையுறைக்குள் குடலிறக்க நோயாளிகளின் கதை ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னும் நோயாளி கட்டிலிலேதான் கிடந்தார். இரண்டு கிழமை, மூன்று கிழமை, சில இடங்களில் அதற்கும் மேல். பெரியம்மா சொன்ன ஆறு கிழமை அவர் கற்பனையில் உதித்ததன்று. அவருடைய தலைமுறை வைத்தியர்களிடமிருந்தே அதைப் பெற்றது. அசைந்தால் தையல் அறுந்துவிடும் என்ற அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. விலங்கின் குடலிலிருந்து திரித்த நூல் உடலுக்குள் நாளடைவிற் கரைந்து பலமிழக்கும். ஆனால் அசையாமற் கிடப்பவனுக்குக் காலிற் குருதி உறைகிறது. உறைந்த கட்டி நழுவி நுரையீரலை அடைத்தால் உயிர் போகிறது. நெஞ்சிற் சளி கட்டுகிறது. தசை மெலிகிறது. தையலைக் காப்பாற்றப் போய் ஆளைப் பறிகொடுத்த சம்பவங்கள் ஏராளம்.

இந்தக் கட்டிலை முதலில் எதிர்த்தவர்களிடம் வசதியின்மையே துணிவாயிற்று. கிளாஸ்கோ நகரின் ஏழைப் பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்த ஜேம்ஸ் நிக்கல், வைத்தியசாலையிற் கட்டில் போதாத நிலையில் குழந்தைகளை அன்றே தாயின் கையிற் கொடுத்தனுப்பினார். அவற்றுள் குடலிறக்கமும் அடக்கம். 1909இல் அவர் வெளியிட்ட கணக்கு 8,988 சத்திரசிகிச்சைகள். வைத்தியசாலையிற் கிடந்த பிள்ளைகளை விடத் தாயின் மடியிற் கிடந்த பிள்ளைகள் மோசமாகத் தேறவில்லை என்பது அவர் முடிவு. முப்பது ஆண்டுகள் அதைக் கவனித்தவர் சிலரே. இரண்டாம் உலகப் போரில் கட்டில்களுக்கும் தாதியருக்கும் தட்டுப்பாடு வந்த பின்னர்தான் வளர்ந்தவர்களையும் எழுப்பி நடத்தத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் லைத்தோசர் சத்திரசிகிச்சைக்கு மறுநாளே நடக்க வைப்பதைப் பற்றி 1946இல் நூலே எழுதினார். 1947 டிசம்பரில் லண்டன் மருத்துவர் றிச்சர்ட் ஆஷர், படுக்கை என்பது மருந்தல்ல, அதுவே பல நோய்களின் காரணம் என்று பிரித்தானிய மருத்துவ இதழில் நையாண்டியும் கோபமுமாக எழுதிய சிறு கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1955இல் எடின்பரோவின் ஃபாக்குவாசன், உணர்விழப்பு ஊசி மட்டும் ஏற்றிக் குடலிறக்கத்தைத் தைத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிய 485 நோயாளிகளின் விபரத்தை வெளியிட்டார்.

பெரியம்மாவுக்கு நான் மறுபடி தொலைபேசி எடுத்தது இந்தக் கட்டத்திலேதான். ஏனெனில் அடுத்த கதை அவர் வீட்டுக்கு அண்மையிலேயே நடந்தது. போர்க்காலத்திற் கனடிய இராணுவத்தில் சேரவந்த இளைஞர்கள் பலர் குடலிறக்கத்தைக் காரணமாக வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரொறன்ரோவின் சத்திரவைத்தியர் எட்வேர்ட் ஏர்ல் ஷோல்டைஸ் அவர்களுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கி, 1945இல் இந்த ஒரு நோய்க்கென்றே வைத்தியசாலையைத் திறந்தார். 1953இல் அது நகரின் வடக்கே தோண்ஹில் என்ற இடத்திலும் நிலைகொண்டது. எம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் மார்க்கம் நகரைச் சேர்ந்த பகுதி அது. நோயாளி மேசையிலிருந்து இறங்கித் தன் கால்களால் நடந்தே அறைக்குச் செல்வது அங்கு வழமை. உணவறைக்கும் தோட்டத்துக்கும் நடந்தே போக வேண்டும். இதைச் சொன்னபோது பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நடவன். ஆனால் கத்தரிக்காய் வேண்டாம்” என்றார். வரலாற்றால் அவ்வளவுதான் சாதிக்க முடிந்தது.

என் வயிற்றில் இப்போது இருக்கும் வலையின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்துச் சத்திரவைத்தியர் பிரான்சிஸ் உஷர் 1950களின் பிற்பகுதியிற் செயற்கை இழை வலைகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்; பின்னர் பொலிப்புறொப்பிலீன் வலைக்கு வந்து சேர்ந்தார். கயிறுகளுக்கும் பிளாஸ்ரிக் வாளிகளுக்கும் பயன்படும் அதே வகைப் பொருள்தான். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் லிக்டன்ஸ்ரைன் 1980களில், தசைகளை இழுத்துத் தைக்காமல் வலையாற் பின்சுவரை மூடும் முறையைப் பரப்பினார். இழுவை இல்லாததால் நோவு குறைந்தது. நோய் திரும்புவதும் அரிதாயிற்று. வலை வாங்க வசதியற்ற நாடுகளில் கிருமிநீக்கிய நுளம்பு வலைத் துண்டையே வைத்துப் பார்த்தார்கள். உகண்டாவில் 302 ஆண்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு, விலையுயர்ந்த வலைக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று என்று காட்டியது.

யாழ்ப்பாணத்துக்கு இந்த அறிவு வராமல் இருக்கவில்லை. 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், தம் மாணவர்களோடு சேர்ந்து சத்திரவைத்திய நூலொன்றைத் தமிழாக்கி ‘இரணவைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் வெளியிட்டார். உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழிற் பெயர் தேடிய மனிதர் அவர். சொல்ல முடியாததற்கும் சொல் தேவை என்பதை உணர்ந்திருந்தார். எம்மிடம் ஓதம், அண்டவாதம் என்ற பழஞ்சொற்களும் இருந்தன. சொல் இருந்தது, வைத்தியர் இருந்தார், வாய்தான் திறக்கவில்லை.

என் தந்தையார் தென்மராட்சியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆறு மைல் சைக்கிளோடிப் பள்ளிக்கூடம் போய் வந்த மனிதர். எட்டு ஆண்டுகளாக அவருக்குக் குடலிறக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. வேட்டிக்குள் துணிப்பட்டி ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்திருக்கிறார். படுக்கும்போது கையால் உள்ளே தள்ளிவிடுவாராம். 1993இல் ஒரு நாட் காலை அது உள்ளே போக மறுத்தது. நோவோடு பகல் முழுவதும் சாய்வு நாற்காலியிற் படுத்திருந்து, வயிற்றுக் குத்து என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். இரவு வாந்தி தொடங்கிய பிறகே அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்று ஆண்டுகள். பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் ஒன்றை அயலவர் தேடிப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க விடியற்புறம் ஆகிவிட்டது. இருந்த வசதிகளுக்குள் அவர்கள் உடனேயே சத்திரசிகிச்சை செய்தார்கள். குடல் கறுத்துப்போயிருந்தது. முதல் நாள் மத்தியானத்துக்குள் வந்திருந்தால் தப்பியிருப்பார் என்று வைத்தியர் அம்மாவிடம் சொன்னாராம். இரண்டாம் நாள் அப்பா போய்விட்டார்.

நான் அப்போது கொழும்பிற் புதிதாகப் பத்திரிகையிற் சேர்ந்திருந்தேன். தொலைபேசித் தொடர்பு கிடையாது. கிளாலிக் கடலால் இரவில் வந்த ஒருவர் கையில் அக்கா கொடுத்தனுப்பிய கடிதம் பதினேழு நாட்கள் கழித்து என்னிடம் வந்தது. அந்தியேட்டிக்கும் நான் போய்ச் சேரவில்லை. அந்தக் காலத்தில் யுத்தத்தால் இறந்தவர்களைப் பற்றி நாள்தோறும் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவையும் அந்தக் கணக்கிலேயே பல ஆண்டுகள் மனத்துள் வைத்திருந்தேன். பாதி உண்மைதான். பெற்றோல் இல்லாத இரவு யுத்தம் தந்தது. ஆனால் அந்த நீண்ட பகலும், அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளும் வெட்கம் தந்தவை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு என் வயிற்றையே கீற வேண்டியிருந்தது.

ஏழாம் நாள் மாலை, மின்தூக்கியில் இறங்கி, மெல்ல நடந்து கடற்கரை வீதி வரை போனேன். அம்மாவும் வருவேன் என்று பிடிவாதமாகக் கூட வந்தார். தண்டவாளத்துக்கு அப்பாற் கடல் அமைதியாக இருந்தது. திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு கிழமையில் முதன்முறையாக அதைப் பற்றிப் பேசினார். “அவர் உனக்காவது சொல்லியிருக்கலாம்” என்றார். நான் மூன்று ஆண்டுகள் சொல்லாமல் இருந்ததை அம்மாவிடம் அப்போதும் சொல்லத் துணியவில்லை. வீட்டுக்கு வந்து, தேநீர் குடிக்கும்போது சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் என் தலையணையைத் தட்டிப் போட்டார்.

வாசிப்பவர்களில் யாருக்கேனும் அரையிலோ தொப்புளருகிலோ, நிற்கும்போது தோன்றிப் படுக்கும்போது மறையும் வீக்கம் இருந்தால், இந்தக் கிழமையே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லோருக்கும் உடனே சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. அதை அவர் சொல்லட்டும். வீக்கம் கல்லுப்போல் இறுகி, நொந்து, உள்ளே போக மறுத்து, வாந்தியும் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். முக்கியமாக, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.